அனைவருக்கும் பதில்

4 ஜூன் 2018, திங்கள்

திருச்சி ஊருக்குள் வெள்ளம் புகுந்து, மாடி வீட்டுக்காரர்களும் மொட்டை மாடியில் நின்று சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டிய வருஷம். அந்த வருஷம் பங்குனியில் டெல்லியில் ஆட்சி மாறியது. ஆடியில் எங்கள் தெருவுக்கு முதல் மின்கம்பம் நட்டார்கள். புரட்டாசியில் என் மகள் செங்கமலத்துக்கு எட்டு வயதில் அம்மை போட்டு இறங்கியது. வெள்ளம் வடிந்து பதினோராம் நாள் அந்தக் கல்லை மைப்படி எடுத்தோம். 1977. துண்டுத் தாளைக்கூடப் பார்க்காமல் சொல்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு படித்த மனிதர்கள் அது 76-ஆ 78-ஆ என்று ஒரு வாரமாக அடித்துக்கொள்கிறார்கள்.

நான் மு. அரியமுத்து. தொல்லியல் ஆபீசில் கல்வெட்டு மைப்படி எடுக்கிற வேலை, முப்பத்தொரு வருஷம். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கல்லில் இருக்கிற எழுத்து தாளில் வெள்ளையாக நிற்கும். இப்போது கண்ணில் புரை. அதனால் நான் சொல்கிறேன், செங்கமலம் தட்டுகிறாள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் அடிப்பாள். பழகின கை.

இந்த மடற்குழுவில் என் பெயரைச் சேர்த்தவர் பேராசிரியர் வைத்தீசுவரன். கல்வெட்டு படிக்கிறவர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுதுவார்கள். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். எனக்கு வருவது செங்கமலத்தின் கடைக்கு. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் வாசித்துக் காட்டுவாள்.

சண்டை இதுதான். ஏரிக்கு மடை கட்டிக் கொடுத்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றிய கல், மாங்குறிச்சியில் இருந்தது என்று பேராசிரியர் புத்தகம் போட்டிருக்கிறார். கல் எப்போதோ காணாமல் போய்விட்டது. மிச்சம், நாங்கள் எடுத்த மைப்படி. இப்போது நாகஜோதி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, அது மாங்குறிச்சிக் கல்லே இல்லை, பதினெட்டு மைல் தள்ளிச் செவ்வயலில் இருந்த கல், அதன் உடைந்த அடித்துண்டைச் செவ்வயல் ஏரிக்கரையில் கண்டேன் என்று எழுதிவிட்டாள். துண்டை அவளே கொத்தி வைத்தாள் என்று குழு பாய்கிறது.

நானும் ஒரு பதில் சொன்னேன். நாலு வார்த்தை அடித்ததும் செங்கமலம் கையை எடுத்துவிட்டாள்.

“இதை நான் அடிக்க மாட்டேன்ப்பா. கடைக்குப் பொம்பளைங்க வர்றாங்க.”

“அவனுக எழுதினா நாகரிகம், நான் சொன்னா வசவா?”

“கோவத்துல எழுதினதை அன்னைக்கே அனுப்பக் கூடாதுன்னு குழுவுல விதியே இருக்கு. தனியா ஒரு ஃபைல் தொறக்கிறேன். தேதி போட்டு அதுல திட்டுங்க. ஆறின பெறவு பாப்போம்.”

இது அந்த ஃபைல்.

5 ஜூன், செவ்வாய்

குழுவை மேய்க்கிறவர் அருளப்பன், பாளையங்கோட்டைக்காரர். எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று பார்க்கிறவர். இன்று விதிகளை மறுபடி அனுப்பியிருக்கிறார். பொருள் என்கிற இடத்தில் பேசுகிற விஷயத்தை எழுது. பழைய மடலில் வேண்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு. பெரிய படத்தை இணைக்காதே. ஒருவரை மறுப்பதானால் முதலில் தனிமடலில் கேள். ஆளைப் பேசாதே, கருத்தைப் பேசு.

நல்ல விதிகள்தான். அதைப் பெற்றுக்கொண்ட மகான்கள் என்ன செய்தார்கள்? பதினேழு பேர் “அருமை” என்று எழுதினார்கள். எழுதி, கீழே விதி முழுவதையும் அப்படியே தொங்க விட்டார்கள். பதினேழு தடவை. செங்கமலம் சுட்டியை உருட்டி உருட்டி விரல் வலிக்கிறது என்றாள். ஒருவர் “என்னைக் குழுவிலிருந்து விடுவிக்கவும்” என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் விண்ணப்பம் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு போகத் தெரியாத ஆள் சோழர் காலத்துக்குள் மட்டும் தைரியமாகப் போய் வருகிறார்.

மடைச் சண்டை எந்தத் தலைப்பில் நடக்கிறது தெரியுமா? “சித்திரைத் திருநாள் வாழ்த்து.” சித்திரையில் ஒருவர் வாழ்த்துச் சொன்னாராம், அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று அந்த வாழ்த்தின் வாலிலேயே ஒரு பெண்ணைக் கட்டி இழுக்கிறார்கள்.

முனைவர் சிங்காரம் கையெழுத்துப் போட்டால் பட்டம், பதவி, பரிசு, கைப்பேசி என்று ஒன்பது வரி. மடல் இரண்டு வரி. “பெருமதிப்பிற்குரிய சகோதரி அவர்களே” என்று தொடங்கினார். அப்போதே தெரிந்துவிட்டது, வெட்டு விழப்போகிறது என்று. எங்கள் பக்கம் கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எதற்கு?

7 ஜூன், வியாழன்

பேராசிரியரே எழுதிவிட்டார். மூன்று தடவை. காலை பத்தே காலுக்கு, பதினொன்றுக்கு, பன்னிரண்டரைக்கு. எழுத்துக்கு எழுத்து ஒன்றே மடல். மனிதர்களுக்குக் காது கேளாது என்ற நினைப்போ, ஒரு தடவை சொன்னால் மரியாதை போதாது என்ற நினைப்போ. படித்தவர் திமிர்.

மடலில் இருந்தது: “மைப்படியில் குத்தியிருந்த ஊர்ச்சீட்டை அரியமுத்து எனக்கு வாசித்துச் சொன்னார். மாங்குறிச்சி என்றார். அரியமுத்துவின் நினைவு பொய்த்து நான் கண்டதில்லை. கல்லே வந்து சாட்சி சொன்னாலும் நான் அரியமுத்துவைத்தான் நம்புவேன்.”

செங்கமலம் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“வாசிச்சுச் சொன்னீங்களாமே?”

“மிச்சத்தைப் படி.”

மிச்சம் அருளப்பனின் மடல். தவணை வைத்திருக்கிறார். இருபதாம் தேதிக்குள் நாகஜோதி தன் கூற்றை நிரூபிக்க வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். இரண்டும் இல்லையென்றால், போலிக் கல்லை ஆதாரமாகக் காட்டினாள் என்று அவளுடைய பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும். கடிதம் போனால் பட்டம் கிடையாது. பிறகு எந்தக் கல்லூரிப் படியும் அவள் ஏற முடியாது.

8 ஜூன், வெள்ளி

இன்று சொல்ல ஒன்றும் இல்லை. ரேஷனில் பருப்புப் போட்டார்கள்.

9 ஜூன், சனி

அந்தப் பெண் கடைக்கே வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், தோளில் பை, செருப்பில் ஏரிச்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. செங்கமலம் ஸ்டூல் போட்டாள்.

“ஐயா, நான் நாகஜோதி. உங்க பேரை வச்சுத்தான் என்னை அடிக்கிறாங்க. அதான் நேர்லயே கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

“மொத மடல்லயே பதினாலு படம் அனுப்பினியாமே? எங்க கம்ப்யூட்டர் ரெண்டு மணி நேரம் மூச்சு விடல. விதி படிக்கலயா நீ?”

“தப்புதாங்கய்யா. படம் இல்லாம சொன்னா நம்ப மாட்டாங்களேன்னு பயம்.”

“படம் அனுப்பி மட்டும் நம்பிட்டாங்களாக்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். அழுகிற பெண் என்றால் சமாளித்திருப்பேன்.

“செவ்வயலாய்யா, மாங்குறிச்சியாய்யா? உங்களுக்குத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நாப்பத்தோரு வருசம் ஆச்சு. எல்லாமா ஞாபகம் இருக்கும்?”

பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றது. செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய மனு பாதியில் நின்றது.

நாகஜோதி தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள். “பரவாயில்லீங்கய்யா. மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. கண்ணால பாத்த கல்லை இல்லேன்னு எப்படி எழுதறதுன்னுதான் தெரியல. எழுதிட்டா அப்புறம் எதைப் பாத்தாலும் எனக்கே சந்தேகம் வந்துடும்ல?”

போய்விட்டாள். பேசத் தெரியாத பெண். இப்படியெல்லாம் பேசினால் இந்தக் குழுவில் எப்படிப் பிழைப்பாள்?

10 ஜூன், ஞாயிறு

பேராசிரியர் மறுபடி. பொருள் என்ற இடம் காலி. மடல் ஒரே வரி: “பங்கஜம், என் மாத்திரையை எங்கே வைத்தாய்?”

பங்கஜம் அவர் மனைவி. அடுத்த அறையில் இருக்கிற பெண்சாதிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் வழியாகக் கேட்டனுப்புகிறார். சிங்காரம் கூட்டம் நையாண்டிக் குறி போட்டது. நானும் சிரித்தேன். செங்கமலம் சிரிக்கவில்லை.

12 ஜூன், செவ்வாய்

கேட்டுவிட்டாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டாள்.

“என் கல்யாணத்துல பந்தில யாரு பக்கத்துல யாரு உக்காந்தாங்கன்னு இன்னிக்கும் சொல்றீங்க. அந்தப் புள்ள கேட்டப்ப மட்டும் ஞாபகம் எங்க போச்சு?”

“உனக்கு எதுக்கு அது?”

“நீங்க எப்படிப்பா சீட்டை வாசிச்சுச் சொன்னீங்க?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பெற்ற பிள்ளை கேள்வி கேட்கிற காலம். இன்றைய பகுதியையும் அவள்தான் அடித்தாள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை என்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

14 ஜூன், வியாழன்

சரி. சொல்கிறேன். அடித்துக்கொள்.

கண்ணில் புரையெல்லாம் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த வயதிலும் தெரிந்ததில்லை. ஐந்தாம் வகுப்புத் தேறியவன் வேண்டும் என்றார்கள், தேறினேன் என்றேன். கையெழுத்தைப் படம் வரைவதுபோல் வரையக் கற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் எழுத்தைத் தட்டித் தட்டி எடுத்தேன்; ஒரு எழுத்தும் என்னிடம் பேசியதில்லை. சகா யாராவது தாளை நீட்டினால் “கை முழுக்க மை, நீயே படி” என்பேன். கையில் எப்போதும் மை இருந்தது, நல்லதாகப் போயிற்று.

அந்த வருஷம் அதிகாரி கோதண்டபாணி ஐயாவும் நானும் காலையில் செவ்வயல் ஏரிக்கரையில் மடைக்கல்லை எடுத்தோம். மத்தியானம் மாங்குறிச்சி ஐயனார் கோயில் வாசலில் தேய்ந்துபோன ஒரு வீரக்கல். ஐயா இரண்டு ஊர்ச்சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்தினார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். ஐயா, ஜீப் ஓட்டிய மஸ்தான், கதவு திறந்துவிட்ட சவரிமுத்து வாத்தியார், நான், திருச்சியிலிருந்து வந்து, திரும்பும் வழியில் ஏறிக்கொண்ட வைத்தீசுவரன். அவர் அப்போது முப்பது வயது ஆராய்ச்சிக்காரர். ஐந்து பேர்.

தாள்களைக் கொடியில் காயப் போட்டேன். காற்றில் சீட்டு இரண்டும் கழன்று தரையில் விழுந்தன. ஐயாவுக்குக் காய்ச்சல், பெஞ்சில் படுத்திருந்தார். எந்தத் தாள் எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னாலும் சொல்வேன். எந்தச் சீட்டு எந்த ஊர் என்பதுதான் தெரியாது. வைத்தீசுவரன் மூன்றடி தள்ளி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டால் தீர்ந்தது. கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு என்ற பொய் வாயைப் பிடித்தது. ஒன்றை எடுத்து ஒன்றில் குத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, “இது எந்த ஊர் அரியமுத்து?” என்றார். அது மடைக்கல் தாள்; செவ்வயல் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மஸ்தான், “சீட்டுல மாங்குறிச்சின்னு போட்டிருக்கே” என்று எட்டிப் பார்த்துச் சொன்னான். நானும் மாங்குறிச்சி என்றேன். டிரைவருக்குக்கூடப் படிக்கத் தெரிந்திருந்தது.

ஐயாவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். பத்தே நாளில் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு யாரிடம் சொல்வது? சொல்லாமலே பழகிவிட்டது. பேராசிரியர் மாங்குறிச்சிக்குப் போய் மூன்று கோடை தேடினார். இல்லாத கல்லை ஊரே சேர்ந்து தேடியது. இரண்டு தடவை நானும் கூடப் போய்த் தேடினேன்.

செங்கமலம் இவ்வளவையும் அடித்து முடித்து, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நான் பள்ளிக்கூடத்துல சேந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்ப்பா, உங்களுக்கு. சிலேட்டைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நல்லாருக்குன்னீங்க” என்றாள். அழுதால் இவளுக்கு வாக்கியம் குழறும். அப்படியே அடித்திருக்கிறாள்.

15 ஜூன், வெள்ளி

விதியில் இருக்கிறது: ஒருவரை எல்லோர் முன்பும் மறுப்பதற்கு முன் தனியாகச் சொல்ல வேண்டும். நானூறு பேரில் ஒருவனும் செய்யாததை நான் செய்கிறேன். தனிமடல் எழுத மாட்டேன். பேராசிரியர் வீட்டுக்கு நேரில் போவேன். தஞ்சாவூர் பஸ் ஆறு மணிக்கு.

17 ஜூன், ஞாயிறு

நேற்றுப் போய் வந்தேன்.

பெரிய வீடு. வாசல் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு. பட்டப்பகலில் எதற்குப் பூட்டு? பங்கஜவல்லி அம்மாள் திறந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. “அரியமுத்துவா! வாங்க, வாங்க. அவர் இருக்கார்” என்றார்.

பேராசிரியர் சாய்வு நாற்காலியில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜீப் வந்துடுத்தா?”

“பஸ்ல வந்தேங்கய்யா.”

“கோதண்டபாணி சார் திட்டப் போறார். மழைக்கு முன்னாடி கிளம்பணும். காபி சாப்ட்டியோ?”

சாப்பிட்டேன் என்றேன். கல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். சீட்டு மாறிப்போயிற்று, மாற்றியவன் நான் என்றேன். இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்து சொல்கிறேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் ஞாபகம் யாருக்கு வரும்? காபி சாப்ட்டியோ?” என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான். தலைபோகிற விஷயம் சொன்னாலும் காபியைக் கேட்டே மழுப்பிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் சாப்பிட்டேன் என்றேன். கடைசியில், “நீ எந்த ஆபீஸ்ப்பா?” என்றார்.

அம்மாள் கேட் வரை வந்தார்.

“ரெண்டு வருஷமா இப்படி. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா மட்டும் பழைய மாதிரி எழுதறார். ஒருதடவை எழுதினது மறந்துபோய் மறுபடி அனுப்பறார். நேத்திக்குக் கம்ப்யூட்டரை எடுத்து உள்ள வச்சுட்டேன். இனிமே அவர்கிட்டேருந்து ஒண்ணும் வராது.”

“சரிங்கம்மா.”

“அவாள்ளாம் சிரிச்சாளாமே, மாத்திரைக்கு?”

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

“வெளியில தெரிய வேண்டாம் அரியமுத்து. அந்த மூளையை வச்சுத்தான் அவருக்கு மரியாதை. அது போயிடுத்துன்னு தெரிஞ்சா, எழுதின புஸ்தகத்தை எல்லாம் சந்தேகப்படுவா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணில் தூசி விழுந்தது. அரசு பஸ்ஸைத் துடைக்கவே மாட்டார்கள்.

18 ஜூன், திங்கள்

மடல் எழுதுவது கல் எடுப்பதைவிடக் கஷ்டம். காலையில் சொன்னது மூன்று பக்கம் வந்தது. சிங்காரத்துக்கு ஒரு பக்கம், “அருமை” கூட்டத்துக்கு ஒரு பக்கம். செங்கமலம் வாசித்துக் காட்டினாள். கேட்டால் நானும் அவர்களைப்போலவே இருந்தேன். அத்தனையும் அழிக்கச் சொன்னேன்.

“எந்த வரிக்குப் பதில் சொல்றோமோ அதை மட்டும் மேல வைப்போம்ப்பா.”

“வை. திட்டு வேண்டாம்.”

“பேராசிரியரை என்ன சொல்றது?”

“அவரைப் பத்தி ஒரு வார்த்தைதான். தப்பு அவருது இல்ல.”

19 ஜூன், செவ்வாய்

அனுப்பவில்லை. விதிப்படி ஒரு நாள் ஆறப் போட்டேன். பயம் என்று செங்கமலம் நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

20 ஜூன், புதன்

காலை ஒன்பதரைக்குப் போயிற்று. பொத்தானை நான்தான் அழுத்தினேன்; எது என்று செங்கமலம் காட்டினாள். அப்படியே இங்கும் ஒட்டச் சொன்னேன்.

*பொருள்: மடைக்கல் மைப்படியின் ஊர்ச்சீட்டு மாறியது*

*“அரியமுத்து எனக்கு வாசித்துச் சொன்னார்.”*

*குழுவினருக்கு வணக்கம். மேலே உள்ள வரிக்கு மட்டும் பதில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொல்லி வேலையில் சேர்ந்தேன். 1977 நவம்பரில் இரண்டு மைப்படிகளின் ஊர்ச்சீட்டுகள் கழன்று விழுந்தன. திரும்பக் குத்தியவன் நான். மாற்றிக் குத்திவிட்டேன். மடைக்கல் இருந்த ஊர் செவ்வயல். நாகஜோதி சொல்வது சரி. பேராசிரியர் என் சொல்லை நம்பி எழுதினார். தவறு அவருடையது அல்ல. சோதிக்க வழி உண்டு. “செவ்வயல்” என்று சீட்டு உள்ள தாளை எடுத்துக்கொண்டு மாங்குறிச்சி ஐயனார் கோயிலுக்குப் போங்கள். வாசலில் ஒரு வீரக்கல் நிற்கிறது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.*

*மு. அரியமுத்து*
*தட்டச்சு: செங்கமலம்*

பத்து மணிக்குச் சிங்காரம் எழுதினார்: “பெருமதிப்பிற்குரிய பெரியவரின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். எனினும் எழுத்தறிவற்ற ஒருவரின் சாட்சியத்தை ஆய்வுலகம் எவ்விதம் ஏற்கும்?” நேற்று வரை என் வாய் கல்லுக்கு மேலான ஆதாரம். படிக்கத் தெரியாது என்றதும் அதே வாய் ஊமையாகிவிட்டது. ஒன்பது வரிக் கையெழுத்து மட்டும் குறையவில்லை.

இருபத்தெட்டுப் பேர் வணங்கினார்கள். இருபத்தெட்டுப் பேரும் என் மடலைக் கீழே முழுசாகத் தொங்க விட்டிருக்கிறார்கள். நான் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்ததை ஒரே நாளில் இருபத்தெட்டுத் தடவை வாசிக்கும்படி ஆயிற்று செங்கமலத்துக்கு.

22 ஜூன், வெள்ளி

நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்தத் தாளோடு மாங்குறிச்சிக்குப் போனார். அருளப்பனே போனார். வீரக்கல்லும் தாளும் பொருந்திவிட்டன. வீரனின் இடது முழங்கால் பொரிந்தது வரை சரியாக இருக்கிறதாம். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகாது, குழு நாகஜோதியிடம் மன்னிப்புக் கேட்கிறது என்று எழுதிவிட்டார். அவளைக் கடித்த வாய்களில் நான்கு மட்டும் மன்னிப்புக் கேட்டன. மற்றவை வேறு தலைப்புக்குப் போய்விட்டன.

நாகஜோதி தொலைபேசியில் கூப்பிட்டாள். “ஐயா” என்றாள். “நல்லாப் படி” என்று வைத்துவிட்டேன். முட்டாள்தனமாக வேறு என்ன சொல்வது?

23 ஜூன், சனி

சிங்காரம் விடமாட்டார். “பேராசிரியர் ஏன் மௌனம் காக்கிறார்? அவரும் உடனிருந்தாரா? அவரே வந்து நினைவுகூர்ந்து உறுதி செய்யட்டும்” என்று எழுதியிருக்கிறார். ஆமாம் ஆமாம் என்று ஒன்பது பேர். மாத்திரை மடலை ஒருவர் மறுபடி எடுத்துப் போட்டிருக்கிறார். அருளப்பன் என்னைக் கேட்கிறார்: சீட்டு கழன்றபோது தாழ்வாரத்தில் யார் யார் இருந்தார்கள், இப்போது கேட்டுக்கொள்ளக்கூடியவர் யார் என்று பெயரோடு எழுதினால் இந்த விஷயத்தை இத்துடன் மூடிவிடலாமாம்.

செங்கமலம் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அஞ்சு பேருன்னு சொன்னீங்கல்லப்பா, அன்னிக்கு.”

“நாலு பேருன்னு போடு.”

“அப்பா.”

“போடுன்னேன்.”

“மறுபடியும் பொய்யா?”

“மொதப் பொய் எனக்காகச் சொன்னேன். அடி.”

அவள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். பிறகு அடித்தாள். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயரையும் திரும்ப வாசித்தாள்.

அதிகாரி கோதண்டபாணி, அதே வருஷம் கார்த்திகையில் மஞ்சள்காமாலையில் காலமானார். பள்ளிக்கூடத்து வாத்தியார் சவரிமுத்து, மகன் வீட்டில், மணப்பாறையில், தொண்ணூற்று மூன்றில். ஜீப் டிரைவர் மஸ்தான், எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது.

அன்று அந்தத் தாழ்வாரத்தில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஒருவன். பெயர் அரியமுத்து.